லால் தேவுளும் சுலோச்சனாவும், பின்னே நாமும்

புனே ஸ்டேஷனிலிருந்து கேம்ப் பக்கம் ஆட்டோவில் போனவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரிந்திருக்கும். சிவப்புச் செங்கல், ஒல்லியாக உயர்ந்த கோபுரம், அதில் ஒரு கடிகாரம். ஆட்டோக்காரர்களுக்கு அது 'லால் தேவுள்'. தேவுள் என்றால் மராத்தியில் கோயில். நான் இந்த ஊருக்கு வந்து முதல் ஆறேழு வருஷம் அதை சர்ச் என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாருக்கு வேறு, "அது வெள்ளைக்காரன் கட்டின சர்ச்" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். :-)

சர்ச் இல்லை. யூதர்களின் ஜெப ஆலயம். ஓஹெல் டேவிட் என்று பெயர். பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்து பஞ்சு, அபினி வியாபாரத்தில் பெரும் பணம் பண்ணிய டேவிட் சசூன் கட்ட ஆரம்பித்தது. அவர் 1864இல் புனேயிலேயே இறந்துபோனார். ஆலயம் 1867இல் முடிந்தது. அவருடைய கல்லறையும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் என்றைக்காவது வரிசையில் நின்றிருக்கும் சசூன் ஆஸ்பத்திரியும் அவர் கொடுத்த பணத்தில் எழும்பியதுதான்.

இத்தனை வருஷம் கழித்து இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது ஒரு படம். 'ஷாலோம் பாலிவுட்' என்ற ஆவணப்படம், 2017இல் வந்தது. எடுத்தவர் டேனி பென்-மோஷே. ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்துகொண்டே படமெடுத்தவர். 2006இல் நடிகை நாதிரா காலமானபோது வந்த இரங்கல் குறிப்பைப் படித்ததில் பொறி தட்டி, பத்து வருஷத்துக்கு மேல் இதன் பின்னால் அலைந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பில் போட்டுவிட்டு, "இந்தி சினிமாவோட முதல் சூப்பர் ஸ்டார் நம்ம புனேக்காரி, பேரு சுலோச்சனா" என்றேன். "சுலோச்சனாவா? எங்க பெரியம்மா பேரு மாதிரி இருக்கே" என்றார் தங்கமணி.

விஷயமே அந்தப் பேரில்தான் இருக்கிறது. சுலோச்சனாவின் உண்மைப் பெயர் ரூபி மையர்ஸ். 1907இல் புனேயில் பிறந்த பாக்தாதி யூதப் பெண். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவரை கோஹினூர் கம்பெனி சினிமாவுக்குக் கூட்டி வந்தது. 1920களில் மௌனப் பட ராணி அவர்தான். 1927இல் வந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் மட்டும் எட்டு வேஷம்! அவர் சம்பளம் பம்பாய் கவர்னர் சம்பளத்தை விட அதிகம் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொள்வார்களாம். அப்புறம் பேசும்படம் வந்தது. அம்மணிக்கு ஹிந்துஸ்தானி சரியாக வராது. ஒரு வருஷம் நடிப்பை நிறுத்திவிட்டு பாஷை கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். (ஹிந்தி வராமல் இந்த ஊரில் காய்கறி வாங்கிய முதல் வருஷத்தை நினைத்துக்கொண்டேன்.) 1928இலும் 1935இலும் அனார்கலியாக நடித்தவர், 1953இல் வந்த 'அனார்கலி'யில் சலீமின் அம்மாவாக நடித்தார். 1973ஆம் வருஷத்து தாதாசாகேப் பால்கே விருது அவருக்குத்தான். 1983இல் இறந்தார்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. 'ஸ்ரீ 420'இல் வந்த நாதிராவின் இயற்பெயர் ஃப்ளோரன்ஸ் எசக்கியேல். 1947இல் மிஸ் இந்தியா ஆன பிரமிளா, எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். 'பூட் பாலிஷ்' படத்தில் ஜான் சாச்சாவாக வந்து எல்லோரையும் அழவைத்த டேவிட், டேவிட் ஆபிரகாம் சேவூல்கர். 1931இல் வந்த முதல் இந்தியப் பேசும்படம் 'ஆலம் ஆரா'வின் கதை வசனம்கூட ஜோசப் டேவிட் என்ற யூதர் எழுதியதுதான்.

ஏன் இவ்வளவு பேர்? பால்கே 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண் கிடைக்கவில்லை, சாலுங்கே என்ற ஆண்தான் புடவை கட்டிக்கொண்டு நடித்தார். கௌரவமான இந்து, முஸ்லிம் குடும்பங்கள் பெண்களை நடிக்க விடாத காலம். பாக்தாதி யூதக் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கொஞ்சம் மேல்நாட்டு வழக்கத்தில் இருந்தவை. டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர் என்று பெண்கள் ஏற்கெனவே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நம் சினிமாவின் முதல் கதாநாயகிகளில் பலர் அங்கிருந்து வந்தார்கள். டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு ரூபி, எஸ்தர் எல்லாம் ஒட்டாது என்று சுலோச்சனா, பிரமிளா ஆனார்கள். யூசுஃப் கான் திலீப் குமார் ஆனதும் அப்படித்தானே. ஊரே பார்த்த முகங்கள், ஆனால் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று ஊருக்குத் தெரியாமலே போய்விட்டது.

இனி என் கருத்து. சினிமா ஆராய்ச்சியாளர்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரிந்ததுதான். ஆனால் அது நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பேராசிரியர் இதைப் பத்து கட்டுரையாக எழுதி ஆய்விதழில் போட்டிருந்தால் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும். கேம்ப்பில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கோ எனக்கோ ஒன்றும் கிடைத்திருக்காது. படித்தவன் வேலை படிப்பதோடு பாதிதான் முடிகிறது, அதைத் தெருவுக்குக் கொண்டுவருவது மீதிப் பாதி என்று நினைக்கிறேன்.

நம் நாட்டிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. நவ்ராஸ் ஜாட் அஃப்ரீதி என்ற வரலாற்றுப் பேராசிரியர். இப்போது கொல்கத்தா பிரசிடென்சி பல்கலைக்கழகம். 2009இல் லக்னோவில், ஐரோப்பாவில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததைப் பற்றிய படங்களைத் திரட்டி ஒரு திரைப்பட விழாவே நடத்தினார். லக்னோவில் யூதர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கு இதில் பிடித்ததே அதுதான். தன் கதையைத் தன் ஆட்களிடம் சொல்லிக்கொள்வதில் பெரிய விசேஷம் இல்லை. சம்பந்தமே இல்லாதவர்களை உட்கார வைத்துச் சொல்வதுதான் கஷ்டம்.

ஆபீஸில் மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது இரண்டு ஆட்சேபங்கள் வந்தன. இரண்டும் நியாயமானவை.

முதலாவது: "நடிகர் எந்த மதம்னு எதுக்குத் தோண்டணும்? இப்பல்லாம் அடிக்கிறதுக்குத்தானே தோண்டறாங்க?" உண்மைதான். யார் யார் எந்த மதம் என்று லிஸ்ட் போட்டுச் சுற்றுக்கு விடுகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் லிஸ்ட் பேரோடு நின்றுவிடும். கதை, அந்தப் பேரை ஏன் மாற்றினார், வீட்டில் என்ன சொன்னார்கள், கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கும். லிஸ்ட்டைப் படித்தவனுக்கு அவர் வேற்று ஆள். கதையைக் கேட்டவனுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டாவது: "காஸாவுல இவ்வளவு நடக்கறப்போ யூதர் கதை தேவையா?" 2023 அக்டோபருக்கு அப்புறம் 'யூதர்' என்று வாயைத் திறந்தாலே பேச்சு அங்கேதான் போகிறது. அங்கே செத்த குழந்தைகளின் படத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டவன்தான் நானும். ஆனால் இஸ்ரேல் என்ற நாடு பிறந்தது 1948இல். லால் தேவுள் அதற்கு 81 வருஷம் மூத்தது. கொங்கணக் கரையில் இருந்த பெனே இஸ்ராயேல் யூதர்கள் அதற்கும் பல தலைமுறை முந்தியவர்கள். மராத்தி பேசி, எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் அவர்களுக்கு 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை செக்கார் என்று பேர். ஒரு அரசாங்கம் செய்வதற்கு இந்த ஊர்க் கிழவியிடம் கணக்குக் கேட்பது என்ன நியாயம்? இது நமக்குப் புரியாமல் போகக்கூடாது. 1960களின் கடைசியில் பம்பாயில் 'மதராசி' என்றாலே அடி விழுந்தது. 1991இல் காவிரித் தீர்ப்பாயம் சொன்னதற்கு பெங்களூரில் இஸ்திரி போட்டுப் பிழைத்த தமிழன் ஓட வேண்டியிருந்தது. கதை தெரிந்த அக்கம்பக்கம் இருந்த தெருக்களில் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், இது வெறும் பழைய சினிமா ரசனை இல்லை.

இந்த பெனே இஸ்ராயேல் மக்கள் இன்னொன்றும் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராத்திக் கீர்த்தன் பாணியை எடுத்துக்கொண்டு அதில் பைபிள் கதைகளைப் பாடினார்கள். அதே மராத்திக் கீர்த்தன்தான் தஞ்சாவூருக்கு வந்து நம் கதாகாலட்சேபத்துக்கு வழிகாட்டியது. கும்பகோணத்துக்காரனான எனக்கு இதைப் படித்தபோது ஏதோ சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. பின்னாளில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே போயும் 'மாய்போலி' என்று மராத்தியில் பத்திரிகை நடத்தினார்கள். மாய்போலி என்றால் தாய்மொழி. வெளியூரில் உட்கார்ந்து தமிழில் தட்டிக்கொண்டிருக்கும் நமக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

இனி நம் பக்கம் வருகிறேன். பழைய சினிமாவைக் காப்பாற்ற 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது இதே புனேயில்தான். பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராகப் போய்ப் படச் சுருள்களைச் சேர்த்தார். அப்படியும் இந்தியாவில் எடுத்த சுமார் 1300 மௌனப் படங்களில் முப்பதுகூட மிஞ்சவில்லை. 2003 ஜனவரியில் இங்கே நடந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்தன. ரூபி மையர்ஸின் மௌனப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. சுருள் போனால் போனதுதான்.

மனிதர்களும் அப்படித்தான். எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருந்தார். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வட ஆற்காட்டிலிருந்து அவர் அப்பா காலத்திலேயே வந்த குடும்பம். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கட்கியில் கூத்து போட்டது, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் தமிழ்ப் படம் பார்க்க சைக்கிளில் போனது என்று ஏதாவது சொல்வார். "ஐயா, ஒரு நாள் உட்கார்ந்து பேசணும், ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஆவட்டும் தம்பி, நான் எங்க போயிடப் போறேன்" என்பார். போன மழைக்காலத்தில் போய்விட்டார். அவர் பையன் வீட்டைக் காலி செய்தபோது ஒரு டப்பா நிறைய போட்டோ கொண்டுவந்து காட்டினான். ஒன்றின் பின்னாலும் பேர் இல்லை. யார் யார் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கட்கியிலும் தேஹு ரோட்டிலும் ராஸ்தா பேட்டிலும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்! நாமும் பொங்கலுக்கு ஹால் பிடிக்கிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், நம் பெருமையை நமக்கே சொல்லிக்கொண்டு கேசரி சாப்பிட்டு வீட்டுக்கு வருகிறோம். பக்கத்து ஃபிளாட் மராத்திக்காரருக்கு இதில் எதுவும் தெரியாது. 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தை 1934இல் எடுத்தது புனே பிரபாத் கம்பெனிதான் என்று அவருக்கும் தெரியாது, நம் பிள்ளைகளுக்கும் தெரியாது. பழைய மெட்ராஸில் பவழம், வைரம் விற்ற யூத வியாபாரிகளால்தான் பவழக்காரத் தெருவுக்கு அந்தப் பேர் வந்தது என்று எத்தனை சென்னைக்காரருக்குத் தெரியும்? ஒரு சமூகத்தின் கதை அந்தச் சமூகத்துக்கு மட்டும் சொந்தமில்லை. அது அந்த ஊருக்கும் சொந்தம். ஊருக்குச் சொல்லாமல் நாமே வைத்துக்கொண்டால் நம்மோடு போய்விடும்.

பேராசிரியர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போனை ஆன் பண்ணி அவர் முன்னால் வையுங்கள். எந்த வருஷம் வந்தீர்கள், எந்த ரயில், முதல் வாடகை எவ்வளவு, யார் முதலில் சாப்பாடு போட்டார்கள் என்று கேளுங்கள். போட்டோவின் பின்னால் பென்சிலில் பேரும் வருஷமும் எழுதுங்கள். அடுத்த பொங்கல் விழாவில் அதில் பத்து நிமிஷமாவது மராத்தியில் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு.

எங்கள் பெரியவரின் டப்பா இப்போது என் மேஜையில்தான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கட்கிக்குப் போகிறேன், அவர் வயசு ஆட்கள் இரண்டு பேர் இன்னும் அங்கே இருக்கிறார்களாம். இந்தத் தடவை தள்ளிப்போடுவதாக இல்லை.