மோதிரம் அளவுக்கு ஒரு புத்தகம்

அவிட்டா ரோமாபுரியில் பெரிய இடத்துப் பெண். பக்தி நிறைய உண்டு, ஆனால் கையில் கிடைத்த சமய நூல்களெல்லாம் அவளுக்குத் தலையைச் சுற்ற வைத்தன. சிரமப்படாமல் புரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று துறவி ரூஃபினஸிடம் கேட்டாள். கி.பி. 400ஐ ஒட்டி அவர் ஒரு சின்னக் கிரேக்க நூலை லத்தீனில் பெயர்த்து அனுப்பினார். ஒரு வரி, இரண்டு வரிகளில் 451 பொன்மொழிகள். விலையுயர்ந்த மோதிரம் போல இது எப்போதும் கையிலேயே இருக்கலாம் என்று முன்னுரையில் எழுதினார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். செக்ஸ்டஸ் என்ற பெயரில் வழங்கிய அந்த நூல், 258இல் கொல்லப்பட்ட போப் இரண்டாம் சிக்ஸ்டஸ் எழுதியது என்று சொல்கிறார்கள் என ஒரு தகவலையும் சேர்த்துவிட்டார். பிடித்தது சனி.

திருச்சபை அறிஞர் ஜெரோம் கொதித்துப் போனார். எழுதியவன் பிதாகரஸ் வழிவந்த புறச்சமயத்தான். நூலில் கிறிஸ்து இல்லை, தீர்க்கதரிசிகள் இல்லை, அப்போஸ்தலர்கள் இல்லை. இதைப் போய் ஒரு வேதசாட்சியின் தலையில் கட்டுவதா என்று கேட்டார். ஜெரோமும் ரூஃபினஸும் இளமையில் உயிர் நண்பர்கள், பிறகு ஜென்ம விரோதிகள். ரூஃபினஸ் செத்து மூன்று நான்கு வருஷம் ஆன பிறகும் ஜெரோமின் கடிதத்தில் இந்த வசவு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், 393இல் ஜொவினியன் என்பவரை மறுத்து எழுதியபோது இதே செக்ஸ்டஸை மேற்கோள் காட்டியவர் ஜெரோம்தான். கட்டிய மனைவியிடமே மிதமிஞ்சிய மோகம் கொள்பவனும் விபசாரிதான் என்ற மொழி அன்றைக்கு அவருக்குத் தோதாக இருந்தது.

பெயர் விஷயத்தில் ஜெரோம் சொன்னது பெரும்பாலும் சரி. பிதாகரஸ் மரபில் புழங்கிய மொழிகளை இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ஒரு கிறிஸ்தவர் எடுத்து, அங்கங்கே தட்டிக்கொட்டி, தம்மவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். இந்த நூலை 1959இல் பதிப்பித்த அறிஞர் ஹென்றி சாட்விக்கின் முடிவு இதுதான். ஆனால் அவிட்டாவுக்கு அதனால் என்ன நஷ்டம்? குறி இல்லாமல் சொல்லை எறிவதைவிடக் கல்லை எறிவது மேல் என்ற புத்திமதி, போப் சொன்னால் ஒரு மாதிரியும் பிதாகரஸ் சீடன் சொன்னால் வேறு மாதிரியுமா வேலை செய்யும்?

இதே சரக்கு எதிர்முகாமிலும் இருந்தது. போர்ஃபிரி என்ற தத்துவவாதி கிறிஸ்தவத்தை எதிர்த்துப் பதினைந்து பாகம் எழுதியவர். அதைக் கொளுத்தச் சொல்லி 448இல் அரச ஆணையே வந்தது. அவர் முதுமையில் மார்செல்லா என்ற விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். நண்பரின் மனைவி அவர்; ஐந்து பெண், இரண்டு பையன். ஊர் வாய் சும்மா இருக்குமா? பத்து மாதம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிறகு போர்ஃபிரி வெளியூர் போக வேண்டி வந்தது. அங்கிருந்து மனைவிக்கு ஒரு நீண்ட கடிதம். உன் உடம்போடு இருந்த நான் நானல்ல, தத்துவத்தில் தேடினால் நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்கிற பாணியில் தேற்றுகிறார். புதுமணப்பெண்ணுக்கு இது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்குமோ! தேற்றிக்கொண்டே வரிசையாகப் பொன்மொழிகளை அடுக்குகிறார். அவற்றில் பல செக்ஸ்டஸிலும் இருக்கின்றன. கடவுளுக்கு எதுவும் தேவையில்லை, ஞானிக்குக் கடவுள் மட்டும் போதும் என்கிறது கடிதம். செக்ஸ்டஸில் ஞானி இருந்த இடத்தில் விசுவாசி உட்கார்ந்திருக்கிறார். மற்றபடி பேச்சு ஒன்றே.

இவ்வளவு சுருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒழுக்கத்தைக் கெடுக்கும் உறுப்பை வெட்டி எறி என்ற தோரணையில் செக்ஸ்டஸில் ஒரு மொழி வருகிறது. சூடேறிய இளைஞர்கள் சிலர் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு கத்தியைத் தூக்கினார்கள். மத்தேயு நற்செய்திக்கு எழுதிய உரையில் இறையியல் அறிஞர் ஓரிஜென் இந்த நூலைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறார். இளமையில் அந்தக் காரியத்தைத் தாமே செய்துகொண்டவர் ஓரிஜென் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசெபியஸ் எழுதிவைத்திருக்கிறார். நீளமாக எழுதுகிற ஆசிரியர் 'ஆனால்' போட நாலு பக்கம் வைத்திருப்பார். பொன்மொழிக்காரருக்கு அந்த இடம் கிடையாது. பக்கத்தில் இருந்து விளக்க ஒரு குரு வேண்டியிருக்கிறது.

ஆனாலும் நூல் நடந்துகொண்டே இருந்தது. எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே 1945இல் ஒரு ஜாடியிலிருந்து கிடைத்த சுவடிகளில் இதன் காப்டிக் மொழிபெயர்ப்பும் சிதைந்த நிலையில் இருந்தது. கூட இருந்தவை பெரும்பாலும் திருச்சபை தள்ளிவைத்த நூல்கள். மறுபக்கம், ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு விதிகள் வகுத்தபோது, ஞானியைச் சில சொற்களிலேயே தெரிந்துகொள்ளலாம் என்ற செக்ஸ்டஸின் கருத்தை அதில் சேர்த்தார். வேத வசனத்துக்குப் போடுவது போலவே, 'எழுதியிருக்கிறது' என்ற குறிப்போடு. ஜெரோம் அப்போது இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயிரோடு இருந்திருந்தால் மடத்துக்கும் ஒரு கடிதம் போயிருக்கும்.