கனமான அலமாரியும் சாயும்

“எங்கள் வீட்டு அலமாரி கனமானது, சாயாது” என்கிறீர்களா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

துணியோடு 40 கிலோ எடையுள்ள இழுப்பறை அலமாரி. ஆழம் 40 சென்டிமீட்டர். அதன் ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. அதை நிற்க வைக்கும் திருப்புத்திறன் 40 × 20 = 800. தலா 6 கிலோ உள்ள 4 இழுப்பறைகளையும் 25 சென்டிமீட்டர் வெளியே இழுத்தால், அதில் 600 குறைந்துவிடும். மிச்சம் 200. அந்த நேரத்தில் 12 கிலோ எடையுள்ள குழந்தை இழுப்பறையின் விளிம்பில் தொங்கினால், 12 × 25 = 300. அலமாரி குழந்தையின் மேல் சாயும். நாம் நம்பிய கனமே அதை நசுக்கும்.

27 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைக் கருத்தில் கொண்டு துணி அலமாரிகளைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கா 2022இல் சட்டம் இயற்றியது. நம் வீட்டில் ஏற்கெனவே நிற்கும் அலமாரியை எந்தச் சட்டமும் வந்து பிடித்துக்கொள்ளாது. சுவரோடு திருகாணியால் பிணைப்பது நம் வேலை. கனமான துணிகளைக் கீழ் இழுப்பறையில் வையுங்கள். தொலைக்காட்சியை மேலே வைக்காதீர்கள்.

வாடகை வீடு என்று தயங்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் பேசி அனுமதி வாங்குங்கள். சுவரில் விழுந்த துளையைப் பின்னர் பூசிவிடலாம்.