லென்ஸோட சேர்த்து நெகற்றிவ்வையும் கேளுங்கோ

போன மாரி தொடங்க முதல் சாவகச்சேரியில ஒரு வீட்டுக்குப் போனனான். ஒரு காலத்தில ஸ்ரூடியோ வச்சிருந்த ஐயா ஒருவரின்ர வீடு. அவரிட்ட ஒரு பழைய பென்ரக்ஸ் ஸ்பொட்மற்றிக் கமராவும், அதோட வந்த சூப்பர் தக்குமார் 55 மிமீ லென்ஸும் கிடக்கு எண்டு கூட்டாளி ஒருத்தன் சொன்னவன். கமரா வேலை செய்யாது. எனக்குத் தேவை லென்ஸ்தான்.

ஐயா ஒரு பிஸ்கற் ரின்னைத் திறந்து, பழைய வேட்டித் துணியில சுத்தி வச்சிருந்த லென்ஸை எடுத்துத் தந்தார். போன் வெளிச்சத்தை உள்ளுக்க அடிச்சுப் பார்த்தன். ஓரத்தில கொஞ்சம் பூஞ்சணம், மற்றும்படி வடிவா இருந்துது. விலை பேசி முடிஞ்சு நான் எழும்பேக்க, கட்டிலுக்குக் கீழ இருந்த இன்னும் மூண்டு ரின்னை காலால தட்டிக் காட்டினார்.

"உதெல்லாம் நெகற்றிவ் தம்பி. மகள் வீட்டைத் துப்பரவாக்கச் சொல்லி நிக்கிறா. உமக்கு லென்ஸ் மட்டும்தானே வேணும்?"

"ஓம் ஐயா, லென்ஸ் மட்டும் போதும்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றினது.

முதல்ல இந்தப் பழைய லென்ஸ் பைத்தியம் என்ன எண்டு தெரியாத ஆக்களுக்கு. இப்ப எங்கட வயசுப் பெடியள் பெட்டையள் கனபேரிட்ட டிஜிட்டல் எஸ்எல்ஆர் கமரா இருக்கு. வெளிநாட்டில இருக்கிற சித்தப்பாவோ மச்சானோ வரேக்க கொண்டுவந்து தந்ததாயிருக்கும், இல்லாட்டி கலியாண வீட்டுப் படம் எடுத்து உழைச்சு செக்கன்ட் ஹாண்டா வாங்கினதாயிருக்கும். கமராவோட வாற லென்ஸ் ஒண்டு இருக்கும். அதைவிட நல்ல ஒண்டு புதுசா வாங்கிறதெண்டா, 2022 இல ரூபா விழுந்த பிறகு அது கமராவின்ர விலையையே தாண்டிப் போகுது. பழைய லென்ஸ் அப்பிடியில்ல. ஐம்பது வருசத்துக்கு முந்தி யப்பானிலயும் கிழக்கு ஜேர்மனியிலயும் சோவியத்திலயும் செய்த, இரும்பும் அலுமினியமும் கண்ணாடியுமான சாமான். மோட்டர் இல்லை, கம்பியூட்டர் இல்லை. ஒரு அடப்டர் வளையம் போட்டால் இண்டைக்கும் படம் எடுக்கும்.

எல்லா லென்ஸும் எல்லாக் கமராவுக்கும் பொருந்தாது. அதை விளங்காமல் காசைக் கொட்டின ஆக்களில நானும் ஒருத்தன். விசயம் ஒரு சின்னக் கணக்குத்தான். ஒவ்வொரு கமரா வகையிலயும் லென்ஸ் பூட்டுற விளிம்புக்கும் பிலிமுக்கும் (இப்ப சென்சருக்கும்) இடையில ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. எம்42 எண்டு சொல்லுற திருகாணி லென்ஸுக்கு அது 45.46 மிமீ. கனொன் டிஜிட்டல் எஸ்எல்ஆருக்கு 44 மிமீ. மிச்சம் 1.46 மிமீ. அந்த இடைவெளிக்குள்ள மெல்லிய வளையம் ஒண்டு வந்து இருந்திடும். அதாலதான் கனொன் வச்சிருக்கிற ஆக்களுக்கு எம்42 லென்ஸ் வாய்ப்பு. நிக்கோனுக்கு அந்தத் தூரம் 46.5 மிமீ. லென்ஸ் ஏற்கனவே சென்சரிலயிருந்து கூடத் தூரத்தில நிக்குது. அடப்டர் போட்டால் இன்னும் தள்ளிப் போகும். பக்கத்தில இருக்கிற பூ தெளிவா வரும், தூரத்தில இருக்கிற பனை எந்தக் காலத்திலயும் தெளியாது. கண்ணாடி வச்ச அடப்டர் இருக்குதுதான். அது மலிவெண்டால் படத்தைப் பழுதாக்கும். நிக்கோன்காரருக்கு என்ர புத்தி: நிக்கோனின்ர சொந்தப் பழைய லென்ஸையே தேடுங்கோ. 1959 இல வந்த பூட்டு இண்டைக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 1977 க்கு முந்தின லென்ஸுகள் சில நிக்கோன் உடம்புகளின்ர விளிம்பில இருக்கிற சின்னப் பல்லை உடைச்சுப்போடும், விசாரிச்சுப் பூட்டுங்கோ.

என்ர முதல் பழைய லென்ஸ் ஒரு ஹீலியோஸ் 44-2. அம்மாவின்ர தாய்மாமன் ஒருவர் சோவியத்தில படிக்கப் போய் வரேக்க வாங்கின செனித் கமராவில இருந்தது. 58 மிமீ, எஃப் 2. போருக்கு முந்தின ஜேர்மன் லென்ஸான கார்ல் செய்ஸ் பயோட்டரைப் பார்த்துச் சோவியத்தில செய்தது. பின்னுக்கு இலை குழை இருந்தால் அதைச் சுழட்டிச் சுழட்டிக் காட்டும். அந்தச் சுழலுக்காகத்தான் உலகம் முழுக்க இதைத் தேடித் திரியினம். அந்தச் செனித் கமராவுக்கு பற்றறியே தேவையில்லை. வெளிச்சம் அளக்கிற கருவி வெளிச்சத்திலயே வேலை செய்யும், ஷட்டர் முழுக்க சுருள்வில்லும் சக்கரமும். தொண்ணூறுகளில கரண்டும் இல்லாமல், ரோச் பற்றறிக்கும் தடை இருந்த யாழ்ப்பாணத்தில அப்பிடி ஒரு கமரா எவ்வளவு பெரிய சொத்தாய் இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இந்த லென்ஸுகள் எனக்கு என்ன படிப்பிச்சது எண்டு கேட்டால், பொறுமை எண்டு சொல்லுவன். தானாகக் குவியாது. நீங்கள்தான் வளையத்தைத் திருப்ப வேணும். எங்கட கமராக்களின்ர பார்வைத்துளை இதுக்கெண்டு செய்ததில்லை, அதால திரையில பத்து மடங்கு பெருப்பிச்சுக் கண்ணிமையைத் தேட வேணும். அதுக்குள்ள அம்மம்மா "இன்னும் எடுக்கேல்லையே?" எண்டு கேட்டுச் சிரிச்சுப்போடுவா. அந்தச் சிரிப்புத்தான் படம். கிட் லென்ஸால பத்துப் படம் அடிச்சிருந்தாலும் அது கிடைச்சிராது.

இதுவரைக்கும் எல்லாம் நல்லம். இனித்தான் எனக்குச் சண்டை.

இப்ப இஞ்ச பழைய லென்ஸ் தேடுறது ஒரு சின்ன வியாபாரமாயிட்டுது. பழைய ஸ்ரூடியோக்காரர், ஓய்வுபெற்ற வாத்திமார், ஆக்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எண்டு தேடிப் போறம். பெறுமதி தெரியாத வயசுபோன சனத்திட்ட அடிமாட்டு விலைக்கு வாங்கிறம். துடைச்சு, வடிவா ஒரு படம் எடுத்து, நாலு மடங்குக்கு விக்கிறம். அதுக்குப் பேர் சேகரிப்பாம். உண்மையான விலையைச் சொல்லி வாங்க ஏலாதவை சேகரிக்கத் தேவையில்லை எண்டது என்ர முதல் கருத்து. கசப்பாய் இருந்தால் இருக்கட்டும்.

இரண்டாவது அதைவிடப் பெரிசு. நாங்கள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, அந்தக் கண்ணாடி பார்த்ததை விட்டிட்டு வாறம்.

தென்மராட்சியின்ர கதை உங்களுக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில நாவற்குழிப் பாலம் கடந்து இஞ்சதான் வந்தது. ஐஞ்சு வருசத்தில, 2000 ஆம் ஆண்டுச் சண்டையில, தென்மராட்சிச் சனமே எழும்பி ஓட வேண்டி வந்தது. சாவகச்சேரி நகரம் தரைமட்டமானது. ஓடேக்க ஆர் அல்பத்தைத் தூக்கினது? உடுப்பு, உறுதி, சேர்டிபிக்கற், கொஞ்சம் நகை. எங்கட வீட்டில அம்மப்பாவின்ர படம் ஒண்டுகூட இல்லை. அவர் எப்பிடி இருந்தவர் எண்டு கேட்டால், "உன்ர மூக்குத்தான்" எண்டு அம்மா சொல்லுவா. அவ்வளவுதான் எனக்கு இருக்கிறது.

ஆனால் ஸ்ரூடியோவில படம் எடுத்தால் அல்பத்தில இருக்கிறது பிரதி மட்டும். மூலம் நெகற்றிவ். அது ஸ்ரூடியோக்காரரிட்டத்தான் கிடக்கும். அடையாள அட்டைக்கு எடுத்தது, பள்ளிக்கூடக் குழுப்படம், சாமத்திய வீடு, கலியாண வீடு, செத்த வீடு. ஒரு ஊரின்ர முகங்கள் முழுக்க ஒரு கட்டிலுக்குக் கீழ.

2017 பெப்ரவரியில கிளிநொச்சியில தொடங்கின போராட்டத்தில அம்மாமார் பிடிச்சுக்கொண்டிருக்கிற படங்களை வடிவாப் பார்த்திருக்கிறியளோ? கனக்க, அடையாள அட்டை அளவுப் படத்தைப் பெருப்பிச்சது. சிலதில ஓரத்தில வேற ஆற்றையோ தோள் தெரியும், குழுப்படத்திலயிருந்து வெட்டியெடுத்தது. பெருப்பிச்சுப் பெருப்பிச்சுக் கண்ணும் மூக்கும் கரைஞ்சு போயிருக்கும். அந்த முகத்தின்ர தெளிவான நெகற்றிவ் ஒண்டு ஏதோ ஒரு ரின்னுக்குள்ள இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நான் "லென்ஸ் மட்டும் போதும்" எண்டு சொன்னது அந்த "இருக்கலாம்" எண்டதுக்கு முன்னால நிண்டுதான்.

இதுக்கு மறுத்துச் சொல்லுற கூட்டாளியளும் இருக்கினம். "நாங்கள் படம் எடுக்கிற ஆக்கள், ஆவணக்காப்பகம் இல்லை" எண்டு ஒருத்தன். நியாயம்தான். ஆனால் அந்த வீட்டு வாசலுக்குப் போற ஒரே ஆள் நாங்கள்தான். நூலகம் நிறுவனம் 2005 இலயிருந்து எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில சேர்த்துக்கொண்டு வருது, படங்களும் சேர்க்கினம். ஆனால் எந்த வீட்டுக் கட்டிலுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு அவைக்கு ஆர் சொல்லுறது? லென்ஸ் தேடிப் போன எங்களுக்குத்தான் தெரியும்.

"ஸ்கானர் இல்லையே" எண்டு இன்னொருத்தி. இதுக்குத்தான் எனக்குப் பிடிச்ச பதில் இருக்கு. ஸ்கானர் தேவையில்லை, நீங்கள் வாங்கின அதே லென்ஸ் காணும். எம்42 நீட்டு வளையங்கள் மூண்டு சேர்ந்த செட்டாய் மலிவா வரும். ஏறத்தாழ 30 மிமீ வளையத்தைக் கமராவுக்கும் 50 மிமீ லென்ஸுக்கும் இடையில போட்டால், சாதாரண கனொன் சென்சரில 35 மிமீ நெகற்றிவ் ஒண்டு முழுசாய் நிறைஞ்சு நிக்கும். பழைய ஸ்ரூடியோக்களின்ர பெரிய 120 பிலிமெண்டால் அதில பாதி வளையம் போதும். டப்லெட்டில வெள்ளைத் திரையைப் போட்டு, ஒரு விரற்கடை உயரத்தில நெகற்றிவ்வை நேராப் பிடிக்க ஒரு சட்டம் செய்யுங்கோ. திரையோட ஒட்டி வச்சால் புள்ளி புள்ளியாய் வரும். எஃப் 8 இல வச்சு, கையால தொடாமல் டைமரில எடுங்கோ. கறுப்பு வெள்ளையெண்டால் போனிலயே நிறத்தைப் புரட்டலாம். கலர் நெகற்றிவ்வில செம்மஞ்சள் பூச்சு இருக்கும், அதுக்குக் கொஞ்சம் மினக்கெட வேணும். எடுத்த லென்ஸாலயே திரும்பப் பார்க்கிறது. இதைவிட நல்ல பாவனை அந்தக் கண்ணாடிக்கு என்ன இருக்கு?

மூண்டாவது கேள்விதான் சரியான கேள்வி: "மற்றவையின்ர படத்தை நாங்கள் என்ன உரிமையில வச்சிருக்கிறது?" உரிமை இல்லை. பொறுப்பு மட்டும்தான். அதால கண்ட கண்ட முகத்தையும் பேஸ்புக்கில போட்டு "இவர் ஆர் தெரியுமோ" எண்டு லைக் சேர்க்கிற வேலை வேண்டாம். எங்கட மண்ணில ஒரு பழைய படம் ஆரையோ சிக்கலில மாட்டலாம், ஆற்றையோ புண்ணைக் கிளறலாம். ஸ்ரூடியோக்காரரைக் கேளுங்கோ, அந்தக் குடும்பத்தைத் தேடுங்கோ, அவை சொல்லுறபடி செய்யுங்கோ. நெகற்றிவ் உறையில இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்துக்குரிய பேர்க் கொப்பி தப்பியிருக்கோ எண்டும் மறக்காமல் கேளுங்கோ. பேர் இல்லாத முகம் பாதி முகம்தான்.

பராமரிப்பும் இரண்டுக்கும் ஒண்டுதான். எங்கட மாரியின்ர ஈரம் லென்ஸுக்குப் பூஞ்சணம், நெகற்றிவ்வுக்கு ஒட்டல். காத்துப் புகாத சாப்பாட்டுப் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். தோல் உறைக்குள்ள லென்ஸை வைக்காதேங்கோ, ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். நெகற்றிவ் வினாகிரி மணத்தால் அது கரையத் தொடங்கிட்டுது எண்டு அர்த்தம். அதை வேறாக்கி, முதல்ல அதைப் படமெடுங்கோ.

இரண்டு கிழமை கழிச்சு நான் திரும்பப் போனனான். நித்திரை வரேல்ல எண்டு பெரிசாச் சொல்லமாட்டன், மனசில அது கிடந்துது, அவ்வளவுதான். முற்றத்தில வேப்பஞ்சருகு கூட்டி எரிச்ச கரி. மூண்டு ரின்னில ஒண்டு போயிட்டுது. 2000 ஆம் ஆண்டு இடம்பெயரேக்க ஐயா ஒரு பையில தூக்கிக்கொண்டு ஓடின பழைய நெகற்றிவ் அதுக்குள்ளதானாம் இருந்தது. மிச்சம் இரண்டும் பிறகு எடுத்தது.

"நீர் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையே தம்பி" எண்டார். கோவமாயில்லை, சும்மாதான் சொன்னார்.

இரண்டு ரின்னும் இப்ப என்ர மேசையில. ஞாயிற்றுக்கிழமையளில ஐயாவையும் மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு வாறன். நான் எடுக்க எடுக்க அவர் திரையில பார்த்து, தெரிஞ்ச பேரைச் சொல்லுறார். பத்துக்கு மூண்டு பேர் வருது. மிச்சத்துக்கு, "முகம் தெரியும், பேர் வரமாட்டன் எண்டுது" எண்டு சொல்லிக் கண்ணை மூடி யோசிக்கிறார். நான் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கிறன்.

உங்களில ஆரும் இந்தக் கிழமை லென்ஸ் பார்க்க ஒரு வீட்டுக்குப் போறியளெண்டால், நியாய விலையைக் குடுங்கோ. காசைக் குடுத்திட்டு எழும்ப முதல், "ஐயா, நெகற்றிவ் ஏதும் கிடக்கோ?" எண்டு கேளுங்கோ.