எந்த மோதல் எழுப்பியது இந்த மலையை?

இந்திய நிலத்தட்டு ஆசியாவுடன் மோதியதால் இமயம் எழுந்தது என்றும், அதே உந்துதலில்தான் இராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையும் உயர்ந்தது என்றும் பலர் வாதிடுகின்றனர்.

இந்த வாதம் நிற்காது. முதலில் காலக்கணக்கு. அந்த மோதல் தொடங்கியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியாவின் மேற்குக் கரை பிளந்து மடகாஸ்கர் விலகியதோ சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். இம்மலை அந்தப் பிளவின் விளிம்பு, அதாவது கண்டம் கிழியும்போது உயர்ந்து நிற்கும் அதன் ஓரம்; அது வரப்போகும் மோதலுக்காகக் காத்திருந்ததா?

இரண்டாவது, பாறை. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை; இம்மலையிலிருந்து இறங்கும் அய்யனார் கோவில் ஆற்றில் அப்படியொரு பாறையைக் காட்ட முடியுமா? இம்மலையில் உள்ளவை நைஸ், சார்னோக்கைட் போன்ற உருமாறிய பாறைகள், அதாவது நில ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் மாற்றியமைத்தவை. இராஜபாளையம் வட்டாரத்துப் பாறையில் கண்டறியப்பட்ட சஃபிரின் என்னும் அரிய கனிமம் 900 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்துக்குச் சான்று என்பதால், இவ்வூரின் பெயர் உலகப் புவியியல் ஆய்வேடுகளில் ஏறியிருக்கிறது.

அப்படியானால் இங்கே மோதலே நிகழவில்லையா? நிகழ்ந்தது, ஆனால் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது. இவ்வூருக்குத் தெற்கே செல்லும் அச்சன்கோவில் நெரிவு மண்டலம், அதாவது நிலத்துண்டுகள் உரசி நகர்ந்த பட்டை, அக்காலத் தழும்பு. அன்று எழுந்த மலைகள் அரிபட்டுத் தேய்ந்துவிட்டன. ஆழத்துப் பாறை இன்று வெளியே தெரிவதே அதற்குச் சாட்சி. பாறையின் வயதை மலையின் வயதாகக் கொள்வது, பழைய தேக்கில் இழைத்த புதுக் கதவைப் பழங்கதவு என்பதற்கு ஒப்பாகும். அந்தப் பழைய மோதலைத் துணைக்கு அழைப்போர், இடைப்பட்ட 50 கோடி ஆண்டு அரிப்பை எந்தக் கணக்கில் எழுதுவர்?