அறிவிப்பாளர் வரிசையில் நம் மூதாட்டியர்

தாயைப் போற்றாத மொழியும் இல்லை. தாயைப் போற்றாத சமயமும் இல்லை. மக்களுள் நம் நல்லுறவுக்கு மிகவும் உரியவர் யார் என வினவிய ஒருவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறையும் தாயையே குறிப்பிட்டு, நான்காம் முறையே தந்தையைக் குறிப்பிட்டார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். இச்செய்தியை மேடையில் எடுத்துரைக்காத சொற்பொழிவாளர் இலர். ஆயினும் போற்றுதல் வேறு. நினைவில் நிறுத்துதல் வேறு. முன்னதில் நாம் குறைவைத்ததில்லை. பின்னதில் நிறைவு கண்டோமா என்பதே ஈண்டு நம் வினா.

ஓர் அன்னையார் மறைந்தபின் நாம் எழுதும் இரங்கலுரையை எடுத்துப் பார்ப்போம். அன்பே உருவானவர், பொறுமை மிக்கவர், விருந்தோம்பலில் சிறந்தவர் என்னும் மூன்று தொடர்களுக்குள் எண்பது ஆண்டு வாழ்க்கை அடங்கிவிடுகின்றது. பெயரை மட்டும் மாற்றினால் அவ்வுரை அடுத்த தெருவில் மறைந்த அன்னையார்க்கும் பொருந்தும். அந்தப் பெயராவது நிலைபெறுகின்றதா எனில், அதுவும் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும் மறைவுச் செய்தி, இன்னாருடைய மகளார், இன்னாருடைய மனைவியார், இன்னாருடைய தாயார் என்று ஆடவர் பெயர்களாலேயே பெரிதும் அமைகின்றது. 'உம்மம்மா' என்றும், 'வாப்பும்மா' என்றும், 'நன்னி' என்றும் ஊருக்கேற்ப அழைத்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுள் பலர், தம் பாட்டியாரின் இயற்பெயரை முதன்முதலாகக் குடும்ப அட்டையில்தான் காண்கின்றனர். அப்பாட்டியாரின் தாயார் பெயரைக் கேட்டால் விடை கூறுவார் மிகச் சிலரே.

கேட்டவரைச் சொல்லும் மரபு

இந்நிலை நமக்கு வியப்பளிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு செய்தியை யாரிடமிருந்து கேட்டோம், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று பெயர் பெயராக அடுக்கிச் சொல்லும் 'இஸ்னாத்' என்னும் அறிவிப்பாளர் வரிசையை உலகிற்கு அளித்த மரபினர் நாம். செய்தியின் தகுதியை, அதைச் சொன்னவரின் தகுதியைக் கொண்டு ஆய்ந்த மரபு அது. அவ்வரிசையில் பெண்களின் பெயர்கள் மறைக்கப்படவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலாக 2,000-க்கும் மேற்பட்ட நபிமொழிகள் நமக்குக் கிடைத்துள்ளன. திருக்குர்ஆன் தொகுக்கப்பெற்ற ஏடுகள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின்னர் அவர்தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே பாதுகாப்பாக இருந்தன. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் படியெடுப்பதற்கு அவ்வேடுகளையே பெற்றுக்கொண்டார்கள். 11ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா அல்மர்வஸிய்யா என்னும் பெண்மணி ஸஹீஹுல் புகாரியைக் கற்பிப்பதில் புகழ்பெற்று விளங்கினார். பக்தாத் நகரின் பேரறிஞர் கதீப் அல்பக்தாதீ அவரிடம் அந்நூலைப் பாடங்கேட்டார். கேட்டவர் அதைச் சொல்லவும் நாணவில்லை, எழுதவும் தயங்கவில்லை.

இத்தகைய மரபில் வந்த நாம், நம் இல்லத்தில் நமக்கு முதற்சொல் கற்பித்தவரின் பெயரை ஏன் வரிசையிலிருந்து விட்டுவிட்டோம்? நம் நாவிலுள்ள தமிழ் யாரிடமிருந்து வந்தது? 'சோறு' என்றும், 'ஆணம்' என்றும், 'பசியாறுதல்' என்றும் நாம் வழங்கும் சொற்களைப் பள்ளிப் பாடநூலில் கற்றோமல்லோம். தொழுகை, நோன்பு என்னும் நல்ல தமிழ்ச் சொற்களால் மார்க்கக் கடமைகளை முதலில் நமக்குச் சொல்லித் தந்தவர் பெரும்பாலும் ஒரு மூதாட்டியாரே. தமிழ்த்துறையில் அமர்ந்து வட்டார வழக்கை ஆராய்கின்றோம். அவ்வழக்கின் முதல் அறிவிப்பாளரை அடுக்களையில் விட்டுவிட்டு வந்துவிடுகின்றோம்.

கடற்கரை இல்லங்கள்

சோழமண்டலக் கரையிலும் பாண்டிக் கரையிலும் அமைந்த நம் ஊர்களின் வரலாறு பெரும்பாலும் கடல் கடந்த ஆடவரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் எனப் பொருள்தேடிச் சென்றோர் ஆண்டுகள் பல கழிந்தே ஊர் திரும்பினர். அவர்கள் சென்ற நாடுகளின் பெயர்கள் நினைவில் உள்ளன. அவ்வாண்டுகளில் இல்லத்தை நடத்தியவர் யார்? பிள்ளைகளை ஓதவைத்தும், கடனை அடைத்தும், நிலத்தின் வாரத்தைக் கேட்டுப் பெற்றும், பெண்மக்களுக்கு மணம் பேசியும் குடும்பத்தை நிலைநிறுத்தியவர் யார்? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பின்னரும் பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், வீடு பெண்மக்களுக்கு உரியதாவதும் வழக்கம். அங்கே ஒரு பிள்ளை கண்விழிக்கும் உலகமே தாயின் தாயார் ஆளும் இல்லம்தான்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் இரங்கூனும் சப்பானியர் வசமாயின. பணமும் கடிதமும் வருவது நின்றது. கணவர் உயிருடன் உள்ளாரா என்பதே தெரியாமல் கழிந்த அவ்வாண்டுகளைக் கழித்த பெண்டிர், அடுப்பெரிக்க எதை விற்றனர், எதை விற்க மறுத்தனர் என்பது எந்த வரலாற்று நூலிலும் இல்லை. அவர்களுடைய பெண்மக்களின் நினைவில் மட்டுமே அது உள்ளது. அந்நாளில் பத்து அகவைச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவராவார். நமக்குள்ள கால எல்லை இவ்வளவே.

அக்கடிதங்களுள் பல அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. அரபு எழுத்துகளோடு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டி அமைத்த எழுத்துகளையும் சேர்த்துத் தமிழை எழுதும் முறை அது. தமிழ் நெடுங்கணக்கைக் கல்லாத பெண்டிரும், ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தாய்மொழியைப் படிக்க அது வழிசெய்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் மார்க்க நூல்கள் இல்லந்தோறும் சென்றடைந்தது இவ்வெழுத்தின் வழியேதான். கையொப்பமிடும் இடத்தில் விரற்குறி வைத்த காரணத்தால் 'எழுத்தறியாதவர்' என்று கணக்கிடப்பட்ட மூதாட்டியருள், அரபுத்தமிழில் நூல்களை வரிபிசகாமல் படிக்க வல்லவர் பலர் இருந்தனர். அவர்களை எழுத்தறியாதவர் எனல் எங்ஙனம் பொருந்தும்?

இங்கே ஒரு வேதனையான செய்தியையும் சொல்லியாக வேண்டும். பழைய பெட்டியிலிருந்து அரபு எழுத்தில் ஒரு தாள் கிடைத்தால், அது மறைவசனமாக இருக்கலாம் என்னும் மதிப்பினால் அதை மண்ணில் புதைப்பதும் நீரில் விடுவதும் நம் இல்லங்களில் உள்ள வழக்கம். நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் அத்தாள் தமிழ்க் கடிதமாக இருக்கலாம். ஒரு மனைவி தன் கணவருக்கு எழுதி அனுப்பாமல் விட்டதாக இருக்கலாம். பேறுகாலத்து மருந்துச் சரக்கின் அளவாகவோ, கொடுக்கல் வாங்கல் கணக்காகவோ இருக்கலாம். படிக்கத் தெரியாமையால், பெருமதிப்போடு நம் பாட்டியாரின் கையெழுத்தையே நாம் நீரில் விட்டுக்கொண்டிருக்கின்றோம்.

எழுதியவர் நின்றார்

பெயரும் எழுத்தும் எஞ்சினால் என்ன நிகழும் என்பதற்கு நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) அவர்களின் வாழ்க்கையே சான்றாகும். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவரல்லர் அவர். இளமையிலேயே மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்து, பெண்மக்களை வளர்த்தெடுக்கும் பொறுப்பைத் தாங்கினார். அத்தகைய சூழலில் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை எழுதி 1938ஆம் ஆண்டு வெளியிட்டார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் அந்நூலுக்கு அணிந்துரை வழங்கினார்கள் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது. ஏடு தேடி ஊரூராய் அலைந்த அப்பெருமகனார், நாகூரில் ஓர் இல்லத்துள்ளிருந்து எழுதிய இருபத்தொரு அகவை நங்கையின் தமிழை மதித்தார்.

இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், தென்காசி ரசூல் பீவி, கீழக்கரை ஆசியா உம்மா ஆகியோரும் மெய்ஞ்ஞானப் பாடல்களால் பெயர் நின்றவர்கள். இவர்களை நாம் அறிவது பாடல்கள் ஏட்டிலும் அச்சிலும் ஏறியமையால்தான். நாவோடு நின்ற புலமை எத்துணை? வினாவும் விடையுமாக அமைந்த நூறு மசலாவை இரவுதோறும் கதையாக விரித்துரைத்தவர் எத்துணைப் பேர்? பேரப்பிள்ளையின் பெயரைச் சேர்த்துத் தாலாட்டுக் கட்டியவர் எத்துணைப் பேர்? பத்தமடையில் கோரையைப் பட்டுப்போல் மென்மையாக்கிப் பாய் நெய்யும் கைகளுள் பெரும்பாலானவை இசுலாமியப் பெண்டிரின் கைகளே. பாய்க்கு ஊரின் பெயர் உண்டு. நெய்து நெய்து விரல் தேய்ந்த மூதாட்டிக்குப் பெயர் இல்லை.

இரண்டு தடைகள்

குடும்பப் பெண்ணின் பெயரைப் பொதுவில் சொல்வது தகாது என்று நம் பெரியோர் சிலர் கருதுவர். அவர்களின் நாணமும் கண்ணியமும் நாம் மதிக்கத்தக்கனவே. எனினும் இறைத்தூதரின் துணைவியர், மகளிர் ஆகியோரின் பெயர்களை நாம் நாள்தோறும் வாயாரச் சொல்லுகின்றோம். அவர்தம் பெயரையே நம் பெண்மக்களுக்கு இடுகின்றோம். கண்ணியம் பெயரை மறைப்பதில் இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? வெளியிடத் தகாத குடும்பச் செய்திகள் இருப்பின், அவற்றைக் குடும்பத்தளவில் எழுதிவைத்துக் காக்கலாம். வெளியிடாமை வேறு, எழுதாமை வேறு.

மூதாட்டியரின் பாடல்களிலும் நம்பிக்கைகளிலும் மார்க்கத்துக்கு ஒவ்வாதன உள்ளன, அவற்றைப் பதிவு செய்தல் எதற்கு என்பது மற்றொரு தடை. இளைஞர் பலர் இதனை உளமார எண்ணியே கேட்கின்றனர். இவர்களுக்கும் நம் நபிமொழிக் கலையே விடை தருகின்றது. அக்கலையின் அறிஞர்கள் வலுவான செய்தியை வலுவானது என்றும், வலுக்குறைந்ததை வலுக்குறைந்தது என்றும் குறித்துவைத்தனர். வலுக்குறைந்தவற்றையெல்லாம் அவர்கள் எழுதாமலே விட்டிருந்தால், எது வலுக்குறைந்தது என்று அறிய நமக்கு வழியே இராது. பதிவு செய்வது வேறு, பின்பற்றுவது வேறு. முன்னோர் எதை நம்பினர் என்பதை அறியாதவர் அதைத் திருத்தவும் இயலாது.

செய்ய வேண்டுவன

இவை பெரும்பொருள் வேண்டும் பணிகளல்ல. நம் மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து மூதாட்டியார் ஒருவரிடம் ஒரு விடுமுறைக் காலத்தைச் செலவிட்டால் போதும்.

முதலாவதாக, அவருடைய முழுப்பெயர், தாயார் பெயர், தாயின் தாயார் பெயர் என நினைவு எட்டும்வரை பெண்வழியை எழுத வேண்டும். குடும்ப மரம் வரைவோர் ஆண்கிளையை மட்டும் வரைந்து நிறுத்துதல் கூடாது.

இரண்டாவதாக, அவர் சொல்லும் பாடல், கதை, பழமொழி, மருந்து, சமையல் ஆகியவற்றை அவர் சொன்னவாறே கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, பின்னர் எழுத்தில் பெயர்க்க வேண்டும். நம் இலக்கணத்துக்கேற்ப அவர் சொல்லைத் திருத்தலாகாது. ஒவ்வொன்றையும் அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டுக் குறிப்பதே இப்பணியின் உயிர். "என் உம்மா சொன்னது, அவருக்கு அவர் மாமியார் சொன்னது" என்று அவர் கூறும் அந்த ஒரு தொடரே ஓர் அறிவிப்பாளர் வரிசை.

மூன்றாவதாக, அரபுத்தமிழ்த் தாள்களை எதுவும் செய்யுமுன் படமெடுத்து, படிக்க வல்லாரிடம் காட்ட வேண்டும். அவ்வெழுத்தைப் படிக்க இரண்டு மூன்று மாணவர்களையேனும் ஒவ்வொரு கல்லூரியும் பயிற்றுதல் வேண்டும். அந்நூல்களைக் கண்ணாடி அணிந்து இன்றும் படிக்கும் முதியோர் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களைவிட நல்லாசிரியர் கிடையார்.

நான்காவதாக, இவற்றை எல்லாம் அவர் உயிருடன் உள்ளபோதே, அவர் இசைவு பெற்று, அவர் களைப்பறிந்து செய்தல் வேண்டும். தம் சொல்லைப் பேரப்பிள்ளை எழுதிக்கொள்கின்றது எனக் காணும் முதியவரின் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, எந்த இரங்கலுரையாலும் பின்னர்த் தர இயலாதது.

மனிதர் இறந்தபின்னும் அவருக்குப் பயனளித்துக்கொண்டிருப்பவை மூன்று என்பது நாம் அறிந்த நபிமொழி: நிலைத்த அறம், பயன்தரும் கல்வி, தமக்காக இறைஞ்சும் நன்மக்கள். நம் அன்னையர்க்காக நாம் இறைஞ்சுகின்றோம். அவர் பெயரால் அறமும் செய்கின்றோம். இடையிலுள்ள கல்வியை மட்டும் அவர்களுக்கு உரியதாக நாம் எண்ணுவதில்லை. அவர்களிடமும் கல்வி இருந்தது. அதை அவர்கள் நமக்கு ஊட்டினார்கள். அதனை அவர்தம் பெயரோடு அடுத்த தலைமுறைக்கு அறிவிப்பது நம் கடன். அக்கடனை ஆற்றும் நல்வாய்ப்பை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!