விமானத்தில் ஏறியவர்களுக்குக் கணக்கு இருக்கிறது

பொம்மர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்களுக்கு, விமானத்தின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பதிவேட்டை வாசிப்பது இலேசான காரியமல்ல. ஆனாலும் வாசிக்க வேண்டும். எது எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

அவுஸ்திரேலிய வான்படையின் 460ஆவது குண்டுவீச்சுப் படையணி 1941 நவம்பரில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. 1943 மே மாதத்திலிருந்து பின்புறூக் தளத்தில் நின்று லங்காஸ்டர் விமானங்களில் பறந்தது. பிரித்தானியக் குண்டுவீச்சுக் கட்டளையகத்தின் வேறெந்தப் படையணியையும்விட அதிகமாக, ஏறத்தாழ 24,000 தொன் குண்டுகளை வீசியது. இழந்த விமானங்கள் 181. இறந்த படையினர் 1,018 பேர். அவர்களில் 589 பேர் அவுஸ்திரேலியர்கள். ஒவ்வொரு பறப்புக்கும் விமானியின் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், குண்டுச் சுமை எல்லாம் பதியப்பட்டன.

1943 டிசம்பர் 2 இரவு, பெர்லின் மீதான தாக்குதலில் இப்படையணியின் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. அவற்றில் இரண்டில் செய்தி சேகரிக்கப் போனவர்களும் இருந்தார்கள்: சிட்னிப் பத்திரிகையாளர் நோர்மன் ஸ்டொக்டன், நோர்வேக் கவிஞர் நூர்டால் கிரீக். இருவரும் இறந்தார்கள். அதே இரவு வேறொரு படையணியுடன் போய்த் திரும்பிய அமெரிக்கர் எட்வேர்ட் மரோவின் வானொலி விவரணத்தை ஊடகக் கற்கையில் நான் படித்தேன். குரலையும் மொழிநடையையும்தான் அப்போது கவனித்தேன். கீழே நிலவறைகளுக்குள் எரிந்து செத்தவர்களையும் மரோ ஓரிடத்தில் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. பதிவேட்டில் அதற்கென ஒரு நிரல் இல்லை.

நாஜி ஜேர்மனிக்கு எதிரான அந்தப் போரின் நியாயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த விமானங்களில் இருந்தவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். ஆனால் கீழே இறந்தவர்களை எண்ணும் வேலை பிறரிடம் விடப்பட்டது. 460உம் பங்கேற்ற டிரெஸ்டன் தாக்குதல் நடந்தது 1945 பெப்ரவரியில். நகர நிர்வாகம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு, இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்று அறிக்கை முடித்தது 2010இல். இடைப்பட்ட 65 வருடங்களில் நாஜிப் பிரசாரம் ஊதிப் பெருப்பித்த இலட்சக் கணக்குகள் உலாவின. அவற்றைக் காட்டியே உண்மையான சாவுகளையும் தட்டிக்கழிக்க முடிந்தது. முள்ளிவாய்க்காலின் எண்ணிக்கை குறித்த வாதங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

கனேடியப் போர் அருங்காட்சியகம் இந்தக் குண்டுவீச்சின் பயனையும் அறத்தையும் பற்றிய சர்ச்சையை ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தது. முன்னாள் படையினர் கொதித்தெழ, 2007இல் அந்த வாசகத்தை மாற்ற முடிவானது.

460இன் 'ஜி ஃபோர் ஜோர்ஜ்' என்ற லங்காஸ்டர் கன்பராவின் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் மூக்கில் பறப்புகளைக் கணக்கிட்டு வரிசை வரிசையாகச் சிறு குண்டுகள் வரையப்பட்டிருக்கின்றன.