பழைய படக்கதைக்குப் புது மெருகு எதற்கு?

வேதாரண்யத்து உப்புக் காற்று இரும்பு எதையும் விட்டு வைப்பதில்லை. புத்தக முதுகில் கிடக்கும் இரண்டு பின்களை மட்டும் விடுமா? 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி' போன்ற பழம் பிரதிகளை வைத்திருப்போர், அட்டையில் துருக்கறை கண்டதும் பழுது பார்க்க முனைகிறார்கள். அங்கேதான் மோசம் போகிறார்கள்.

அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு முதல் படக்கதைகளுக்குத் தரமதிப்பு அளித்து வரும் சி.ஜி.சி. நிறுவனம், பத்துக்கு இத்தனை என்று எண் போடுகிறது. கைபடாத பிரதிக்கு நீலச் சீட்டு. வெளிறிய இடத்தில் வர்ணம் தீட்டியதற்கும் ஓரம் நறுக்கியதற்கும் ஊதாச் சீட்டு. பூசி மெழுகியதனால் எண் ஏறினாலும் விலை ஏறுவதில்லை. பெரும்பாலும் சரிந்து விடுகிறது. 1938-ம் வருஷத்து 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் கைபடாத பிரதியொன்று, 8.5 எண்ணுடன், 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்குகிறவர் கேட்பது அசல் காகிதத்தை. நறுக்கிய ஓரம் திரும்பி வருமா?

கிழிசல் மேலும் பரவாமல் தேர்ந்தவர்கள் செய்யும் பாதுகாப்பு வேறு. அதைத் தனியாகவே மதிக்கிறார்கள். நம்மவர் ஒட்டும் செல்லோ டேப்போ, மஞ்சள் கறையாகக் காகிதத்தில் இறங்கி விடும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய கரை இது. ஈரம் ஏறாத பெட்டியில், தரையை விட்டு உயர்த்தி வைத்து, துருவைத் தொடாமல் விடுவதே லாபம்.